பொங்கற் பானையும் முரசின் தோலும்

தை பிறந்ததும் தமிழர் வீட்டு முற்றங்களில் புதுப்பானை ஏறுகிறது. அரிசியும் பருப்பும் வெல்லமும் பாலும் கூடிப் பொங்கி வழிகின்றன. இந்தப் பண்டிகை நமக்கு மட்டுமே உரியது என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். ஆனால் கீழ்த்திசைக் கடலின் கோடியில் உள்ள ஜப்பான் தேசத்திலும், ஏறக்குறைய அதே தினத்தில், அரிசியையும் பயற்றையும் ஒரே பானையில் இட்டுக் காய்ச்சி உண்ணும் வழக்கம் ஆயிரம் வருஷங்களுக்கு மேலாக இருந்து வருகிறது என்றால் நேயர்கள் வியப்படைவார்கள்.

பாலாற்றங்கரையில் பிள்ளைகளுக்குப் பூகோளமும் சரித்திரமும் சொல்லிக்கொடுத்துக் காலந்தள்ளும் நாம் ஜப்பானைப் பற்றி எழுதப் புகுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் உண்டு. வேலூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களைக் கொண்ட நமது பிரதேசத்துக்கு ஜீவனம் தோல். ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் இங்கே பதமாகி, செருப்பாகவும் பூட்ஸாகவும் தேசாந்தரம் செல்கின்றன. ஜப்பானியரின் பண்டிகைகளைப் பற்றிப் படிக்கப் படிக்க, அவர்களுடைய பானையைக் காட்டிலும் அவர்களுடைய முரசே நம்மை அதிகமாகச் சிந்திக்க வைத்தது. முரசின் வாயில் இழுத்துக் கட்டியிருப்பதும் தோல்தானே! ஆகையால் முதலில் அவர்கள் வீட்டைப் பார்ப்போம். பிறகு பானையைப் பார்ப்போம். அதன் பிறகு முரசுக்கு வருவோம்.

வீடும் உணவும்

ஜப்பானியர் வீட்டுக்குள் நுழையும் தமிழனுக்கு அது அவ்வளவாக அந்நியமாகத் தோன்றாது. வாசலை அடுத்துச் சற்றுத் தாழ்ந்த ஓர் இடம் உண்டு. அதற்குக் 'கென்கான்' என்று பெயர். பாதரக்ஷையை அங்கே கழற்றிவிட்டுத்தான் உள்ளே ஏற வேண்டும். வந்தவர் எவ்வளவு பெரிய மனிதராயினும் இந்த விதிக்கு விலக்கில்லை. பழைய முறைப்படி கட்டிய அறைகளில் தரை முழுவதும் 'தாதாமி' என்னும் கனத்த கோரைப்பாய் விரித்திருக்கும். அதன்மேல் அமர்ந்து உண்பார்கள். இரவில் அதன்மேலேயே படுக்கையை விரித்து, காலையில் மடித்து அலமாரியில் வைத்துவிடுவார்கள். சுவரில் ஒரு மாடம் அமைத்து, அதில் ஒரு சித்திரச் சுருளும் ஒரு பூச்சாடியும் வைப்பார்கள். ருது மாறும்போது சித்திரமும் பூவும் மாறும். வீடு நிறையச் சாமான்களை அடைப்பது செல்வத்துக்கு அடையாளம் என்று அவர்கள் கருதுவதில்லை. இக்காலத்தில் நகரங்களில் அடுக்கு மாடிகள் பெருகி, நாற்காலியும் மேஜையும் வந்துவிட்டன. ஆனாலும் வாசலில் செருப்பைக் கழற்றும் வழக்கம் மட்டும் அசையவில்லை.

பழைய குடும்பங்களில் பூஜை இடங்கள் இரண்டு இருக்கும். உயரத்தில் ஒரு பலகை. அது 'கமி' எனப்படும் தேசத்துப் பழந்தெய்வங்களுக்கு உரியது. மற்றொன்று கதவு வைத்த சிறு மண்டபம். அதில் புத்தபிரானும், காலஞ்சென்ற முன்னோர்களின் பெயர் எழுதிய பலகைகளும் இருக்கும். காலையில் அடுப்பிலிருந்து இறக்கிய சோற்றில் முதற் பிடியைச் சிறு கிண்ணத்தில் எடுத்து இந்த மண்டபத்தில் வைத்த பிறகே வீட்டார் உண்பார்கள். காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு இலை போடும் நம் தாய்மார்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

உணவின் மூலம் சோறு. அதனுடன் ஒரு சாறும் மூன்று கறிகளும் என்பது அவர்களுடைய பழைய கணக்கு. சோயா மொச்சையைப் புளிக்க வைத்துச் செய்த 'மிஸோ' விழுதைக் கரைத்த சாறு, மீன், காய்கறி, உப்பில் ஊறிய ஊறுகாய் என்று ஒவ்வொன்றும் தனித்தனிச் சிறு கிண்ணத்தில் வரும். நெய்யும் மிளகாயும் அநேகமாக இல்லை. சீரகச் சம்பா பிரியாணிக்கும் எண்ணெய்க் கத்தரிக்காய்க்கும் பழகிப்போன ஆம்பூர் நாக்கு முதல் நாள் சற்று ஏங்கத்தான் செய்யும்! உண்ணத் தொடங்குமுன் சிறுவர் முதல் கிழவர் வரை 'இதாதாகிமஸு' என்று சொல்வார்கள். 'பணிந்து பெற்றுக்கொள்கிறேன்' என்பது அதன் கருத்து. ஜப்பானியரின் இந்த உணவுப் பண்பாட்டை ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, கலாசார ஸ்தாபனம் 2013-ஆம் வருஷம் மானிட குலத்தின் பொதுச் செல்வங்களில் ஒன்றாகப் பதிவு செய்தது.

இங்கே ஒரு சரித்திர விஷயத்தைக் குறித்துக்கொள்வது நல்லது. பின்னால் அது தேவைப்படும். புத்த தர்மம் பரவிய காலத்தில், கி.பி. 675-ஆம் வருஷம், தெம்மு என்ற சக்கரவர்த்தி மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் மாம்ஸத்தை உண்ணலாகாது என்று ஆக்ஞை பிறப்பித்தார். வேட்டையாடிய மிருகங்களை உண்டவர்கள் பின்னரும் உண்டென்றாலும், மாட்டிறைச்சியைப் பெரும்பாலோர் பல நூற்றாண்டுகள் ஒதுக்கியே வந்தார்கள். 1872-ஆம் வருஷம் மெய்ஜி சக்கரவர்த்தி தாம் மாட்டிறைச்சி உண்டதை உலகறியச் செய்த பிறகுதான் அந்தக் கட்டு பகிரங்கமாகத் தளர்ந்தது.

சிறிய புத்தாண்டு

ஜப்பானியருக்குப் புத்தாண்டு இரண்டு. ஜனவரி முதல் தேதி வருவது பெரிய புத்தாண்டு. பதினைந்தாம் தேதி வருவது 'கொஷோகத்ஸு', அதாவது சிறிய புத்தாண்டு. முன்னாளில் சந்திரனைக் கொண்டு மாதங்களைக் கணக்கிட்டபோது வருஷத்தின் முதற் பௌர்ணமியே இந்த நாள். 1873-ஆம் வருஷம் மேல்நாட்டுப் பஞ்சாங்கத்தை ஏற்றதும் பௌர்ணமி கழன்றுகொண்டது. தேதி மட்டும் நின்றது. பெரிய புத்தாண்டு அரண்மனைக்கும் நகரத்துக்கும் உரியது என்றால், சிறிய புத்தாண்டு உழவனுக்கும் வீட்டுப் பெண்களுக்கும் உரியது.

அன்று காலையில் அரிசியுடன் 'அஸுகி' என்னும் சிறு சிவப்புப் பயற்றைச் சேர்த்துக் கஞ்சி காய்ச்சுவார்கள். அஸுகி நமது உளுந்து, பச்சைப்பயறு, காராமணி ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்தது. கஞ்சி இளஞ்சிவப்பாக நிறம் மாறும். சிவப்பு நிறம் தீய சக்திகளை ஓட்டும் என்பது நம்பிக்கை. இந்த வழக்கம் எவ்வளவு பழையது என்பதற்குப் பத்தாம் நூற்றாண்டிலேயே சாக்ஷியம் இருக்கிறது. கினோ ட்ஸுராயுகி என்ற கவிஞர் 935-ஆம் வருஷத்தை ஒட்டி எழுதிய 'தோஸா' யாத்திரைக் குறிப்பில், கடற்பிரயாணத்தின் நடுவே முதல் மாதம் பதினைந்தாம் நாள் பயற்றங்கஞ்சி காய்ச்ச முடியாமற் போனதைக் குறித்திருக்கிறார். பொங்கலன்று ரயிலில் அகப்பட்டுக்கொண்ட தமிழனின் ஏக்கத்தை அதில் காணலாம். அடுத்த தலைமுறைகளில் வாழ்ந்த ஸெய் ஷோனாகான் என்ற அரண்மனைப் பெண்மணி, அந்தக் கஞ்சியைக் கிண்டிய கோலால் பெண்கள் ஒருவரையொருவர் தட்டி விளையாடுவதை வர்ணிக்கிறார். தட்டுப்பட்டவளுக்கு ஆண்மகவு பிறக்குமாம்!

கிராமங்களில் நடக்கும் மற்றச் சடங்குகளும் நமக்குப் பரிச்சயமானவை போலவே தோன்றும். புத்தாண்டுக்காக வாசலில் கட்டிய பைன் கிளைகளையும் வைக்கோற் புரிகளையும் ஊர்ப் பொது இடத்தில் குவித்துத் தீயிடுவார்கள். அந்தத் தீயில் அரிசிப் பிடிகளை வாட்டி உண்டால் அந்த வருஷம் முழுவதும் நோய் அணுகாது என்பார்கள். நமது போகி நினைவுக்கு வரவில்லையா? மரக்கிளைகளில் வண்ண அரிசி உருண்டைகளைப் பூப்போலக் கோத்து, விளைச்சல் இப்படிக் குலுங்க வேண்டும் என்று வீட்டுக்குள் நிறுத்துவார்கள். பனி மிகுந்த வட பகுதிகளில் சிறுவர்கள் கூட்டமாகச் சென்று பாடி, பயிரைத் தின்னும் பறவைகளை அவை வருமுன்பே துரத்திவிடுவார்கள்.

இவை எல்லாவற்றிலும் வேடிக்கையானது பழமரத்தை மிரட்டும் சடங்கு. ஒருவன் கோடரியுடன் மரத்தடிக்குச் சென்று, "காய்க்கிறாயா, மாட்டாயா? மாட்டாயானால் வெட்டிவிடுவேன்" என்று அதட்டுவான். மரத்தின் பின்னால் நிற்கும் மற்றொருவன், "காய்க்கிறேன், காய்க்கிறேன்" என்று மரத்தின் சார்பில் வாக்குக் கொடுப்பான். உடனே பட்டையில் சிறிது கீறி, அந்தக் காயத்தில் பயற்றங்கஞ்சியைத் தடவிச் சமாதானம் செய்வார்கள். இந்தச் சடங்குகளில் பல இப்போது அருகிவிட்டன. சில கிராமங்களில் மட்டும் ஊரார் விடாமல் காத்து வருகிறார்கள்.

உறவா, ஒப்புமையா?

இந்த ஒற்றுமைகளை ஜப்பானிய அறிஞர் ஒருவரே எடுத்துச் சொன்னார். அவர் பெயர் சுஸுமு ஓனோ. 1919-ல் பிறந்து 2008-ல் மறைந்த அவர், தோக்கியோவில் கக்குஷுயின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். ஜப்பானியப் பழஞ்சொல் அகராதி ஒன்றைத் தொகுத்த புலமையாளர். அறுபது வயதை ஒட்டிய காலத்தில் சென்னைக்கு வந்து தமிழ் பயின்றார். தமிழ்நாட்டுப் பேராசிரியர் பொன். கோதண்டராமனும், யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் சண்முகதாஸும் அவருடைய துணைவியார் மனோன்மணி சண்முகதாஸும் அவருடைய ஆராய்ச்சிக்குத் துணை நின்றார்கள். தமிழும் ஜப்பானிய மொழியும் உறவுடையவை, நெல் விவசாயமும் அதைச் சார்ந்த சடங்குகளும் தமிழகத்திலிருந்தே அங்கே சென்றன என்பது ஓனோவின் கொள்கை. நமது பொங்கலையும் அவர்களுடைய சிறிய புத்தாண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர் ஒப்பிட்டது இந்தக் கொள்கைக்கு ஒரு தூணாகும்.

தமிழனுக்கு இதைக் கேட்டால் உள்ளம் குளிரும், இயற்கைதான். ஆனால் மொழி நூலறிஞர்களில் பெரும்பாலோர் இதை ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு பெரிய அகராதிகளை எதிரெதிரே வைத்துத் தேடினால் ஒலி ஒத்த சொற்கள் எந்த மொழிகளுக்கிடையிலும் கிடைக்கும் என்றும், உறவு என்றால் ஒலி மாற்றங்கள் ஒரு நியதிக்குள் அடங்க வேண்டும் என்றும் அவர்கள் வாதித்தார்கள். நெல் நாற்று சீன தேசத்திலிருந்து கொரிய தீபகற்பத்தின் வழியாக ஜப்பானை அடைந்தது என்பதே புதைபொருள் ஆராய்ச்சியாளர் பலரின் முடிவு. நெல் விளையும் நாடுகளில் உழவனுடைய அச்சமும் ஆசையும் ஒன்றே. மழை வர வேண்டும், பறவை தின்னக்கூடாது, பானை பொங்க வேண்டும். ஒரே ஆசை இரண்டு இடங்களில் ஒரே மாதிரிச் சடங்கைப் பிறப்பித்தால் அதில் அதிசயம் என்ன?

நம் இரு தேசங்களுக்கும் உள்ள சரித்திரத் தொடர்பு புத்த தர்மத்தின் வழியாக வந்தது. அதற்கு உறுதியான ஆதாரம் உண்டு. தென்னிந்தியரான போதிசேனர் என்ற பிக்ஷு 736-ஆம் வருஷம் ஜப்பானை அடைந்தார். 752-ல் நாரா நகரத்து மகா புத்த விக்கிரகத்துக்குக் கண் திறக்கும் வைபவத்தை நடத்தி வைத்தவர் அவரே. நமது ஸரஸ்வதி அங்கே வீணையையொத்த வாத்தியம் ஏந்திப் 'பென்ஸைதென்' என்ற பெயருடன் நீர்நிலைகளின் ஓரத்தில் கோயில் கொண்டிருக்கிறாள். விநாயகரும் 'கங்கிதென்' என்ற பெயரில் உறைகிறார்.

கோயிலும் முரசும்

இப்போது கோயிலுக்குப் போவோம். ஜப்பானியரின் பழந்தெய்வக் கோயிலுக்கு மதில் கோபுரம் கிடையாது. இரண்டு தூண்களும் இரண்டு குறுக்கு மரங்களும் சேர்ந்த 'தோரீ' என்ற தோரண வாயிலே கோபுரம். அதைக் கடந்ததும் தொட்டித் தண்ணீரில் கை கழுவி, வாய் கொப்பளித்துச் சுத்தி செய்துகொள்ள வேண்டும். முதிர்ந்த மரத்துக்கும் பெரும் பாறைக்கும் வைக்கோற் புரி சுற்றித் தெய்வமாக வணங்குவார்கள். வேம்புக்கு மஞ்சள் துணி கட்டும் நமக்கு இதுவும் புதிதல்ல.

அவர்களுடைய தலைசிறந்த க்ஷேத்திரம் ஈஸே. அங்குள்ள மரக்கோயிலை இருபது வருஷங்களுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் அப்படியே புதிதாகக் கட்டி, தெய்வத்தை அதில் எழுந்தருளச் செய்துவிட்டுப் பழையதைப் பிரித்துவிடுகிறார்கள். 690-ஆம் வருஷம் தொடங்கிய இந்த முறை, யுத்த காலங்களில் தடைப்பட்டும் ஒழிந்துபோகாமல், 2013-ல் அறுபத்திரண்டாம் தடவையாக நடந்தேறியது. கட்டடம் பழையதாக இருக்க வேண்டும் என்பதைவிட, கட்டத் தெரிந்த கை தலைமுறை தோறும் இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம். தொழில் தெரிந்த கையைக் கோயிலுக்கு நிகராக மதித்த தேசம் என்று இதைக் கண்டு நாம் பாராட்டலாம். ஆனால் எல்லாக் கைகளையும் அவ்வாறு மதித்ததா?

ஜப்பானியத் திருவிழாவுக்கு 'மத்ஸுரி' என்று பெயர். தெய்வத்தைச் சிறு பல்லக்கில் ஏற்றி, வாலிபர்கள் தோளில் சுமந்து, குலுக்கிக்கொண்டு வீதிவலம் வருவார்கள். அந்தப் பல்லக்குக்கு முன்னே முழங்குவது 'தைகோ' என்னும் பெருமுரசு. கெட்டியான மரத்தின் நடுப்பகுதியைக் குடைந்து, இரு வாயிலும் மாட்டுத் தோலை இழுத்து ஆணியடித்துச் செய்வது அது. அதன் ஒலி கேட்டால் தெய்வம் மகிழும் என்பார்கள். தைகோ இல்லாத திருவிழா தவில் இல்லாத கல்யாணம் போன்றது.

தோல் பதமிட்ட கை

அந்தத் தோலை உரித்து, ஊறவைத்து, பதமாக்கி, இழுத்துக் கட்டியவர்கள் யார்? மாம்ஸத்தை விலக்கிய தேசத்திலும் மாடு சாகாமல் இருக்குமா? வீரனுக்குக் கவசமும், குதிரைக்குச் சேணமும், கோயிலுக்கு முரசும் வேண்டாமா? செத்த மாட்டை அப்புறப்படுத்தித் தோலெடுக்கும் வேலை ஒரு கூட்டத்தாருக்கு என்று விதிக்கப்பட்டது. மரணத்தையும் உதிரத்தையும் தொடுவதால் வரும் தீட்டுக்கு ஜப்பானிய மொழியில் 'கெகரே' என்று பெயர். அந்தத் தீட்டை ஒரு குலத்தின் மேல் நிரந்தரமாக ஏற்றி, அவர்களுக்கு 'மிகுந்த அசுத்தம்' என்று பொருள்படும் எழுத்துக்களால் ஒரு பெயரும் வைத்தார்கள். அப்பெயர் இன்று வசைச் சொல்லாகிவிட்டதால் அதை இங்கே எழுதப் போவதில்லை. அவர்கள் ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் குடியிருந்தார்கள். அவர்களுக்கென்று தனிப் பௌத்த ஆலயங்கள் இருந்தன. செத்த பிறகும் பேதம் விடவில்லை. மரித்தவருக்குப் பிக்ஷுக்கள் சூட்டும் தர்மப் பெயரில், இவர்களுக்கு மட்டும் 'தோல்', 'மிருகம்' என்பன போன்ற எழுத்துக்களைச் செருகிக் கல்லறைக் கல்லில் பொறித்தார்கள். பிற்காலத்தில் மடத்தார்களே இந்த அநியாயத்தை ஒப்புக்கொண்டு திருத்த முற்பட்டார்கள்.

ஹிமேஜி நகரத்தை ஒட்டி இச்சிகவா என்ற ஆறு ஓடுகிறது. அங்குள்ளவர்கள் தோலை ஆற்று நீரில் ஊறப்போட்டு, உப்பும் கடுகு இனத்து எண்ணெயும் சேர்த்து மிதித்துப் பிசைந்து, வெயிலில் உலர்த்திப் பால்போல் வெளுத்த தோலாக ஆக்கினார்கள். போர்வீரர்களின் கவசங்களுக்கு இந்த வெண்தோல் உதவிற்று. இதைப் படிக்கும் ஆம்பூர் வாசகருக்குப் பாலாறு கண்முன் நில்லாமல் போகாது. முன்னாளில் நமது பிரதேசத்துத் தோல்கள் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி, ஆவாரம்பட்டையாலும் கடுக்காயாலும் பதமாகி லண்டன் சந்தைக்குக் கப்பலேறின. பாலாற்று மணலில் ஊற்றெடுத்த நீரும், ஆவாரஞ் செடி மண்டிய சுற்றுப்புறமும் நம் தொழிலை வளர்த்தது போலவே, இச்சிகவாவின் நீர் ஹிமேஜியை வளர்த்தது. இரண்டிடத்திலும் தோலை விரும்பி வாங்கிய உலகம், தோலைத் தொட்டவனை விரும்பவில்லை.

சட்டம் வந்தது, வீடு மாறியதா?

1871-ஆம் வருஷம் ஜப்பானிய அரசாங்கம் அந்த இழிபெயரை ரத்து செய்து, அவர்களும் மற்றப் பிரஜைகளைப் போன்றவர்களே என்று பிரகடனம் செய்தது. அதைப் பொறுக்காத குடியானவர்கள் பல இடங்களில் கலகம் விளைவித்து, அந்த மக்களின் வீடுகளைக் கொளுத்தினார்கள். புதிதாக எழுதிய குடும்பப் பதிவேடுகளில் இவர்கள் பெயருக்கு எதிரே 'புதிய பிரஜை' என்பதுபோல் எழுதி வைத்த இடங்களும் உண்டு. பழைய பெயர் போயிற்று; புதிய முத்திரை வந்தது.

ஆகவே அவர்களே எழுந்தார்கள். 1922-ஆம் வருஷம் மார்ச்சு 3-ஆம் தேதி கியோத்தோ நகரத்தில் கூடி 'ஸுயிஹெய்ஷா' என்ற சங்கத்தை ஸ்தாபித்தார்கள். நீர் எவ்வாறு மேடு பள்ளம் இன்றிச் சமமட்டமாக நிற்குமோ அவ்வாறு மனிதர் நிற்க வேண்டும் என்பது அப்பெயரின் கருத்து. பரிதாபமும் தர்மமும் வேண்டாம், மரியாதையே வேண்டும் என்று அவர்கள் முழங்கினார்கள். அதே காலத்தில்தான் நமது தேசத்திலும் தீண்டாமையை ஒழிக்க வேண்டும் என்ற குரல் ஓங்கியது. 1939-ல் மதுரை மீனாக்ஷி அம்மன் கோயிலுக்குள் வைத்தியநாதய்யர் ஹரிஜன சகோதரர்களை அழைத்துச் சென்றார். 1947-ல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் நிறைவேறியது. 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சாஸனத்தின் பதினேழாவது பிரிவு தீண்டாமையை அடியோடு ரத்து செய்தது.

ஆனால் வீட்டு வாசலுக்குள் சட்டம் அவ்வளவு சுலபமாக நுழைவதில்லை. ஜப்பானில் கல்யாணப் பேச்சு எழுந்தால், சம்பந்தி வீட்டார் எந்த ஊரிலிருந்து வந்தவர்கள் என்று துப்பறிவோரை வைத்து விசாரிக்கும் குடும்பங்கள் இருந்தன. இந்தத் தொல்லைக்காகவே பழைய பதிவேடுகளை 1968-ல் அரசாங்கம் எவரும் பார்க்கக்கூடாதென்று மூடி வைத்தது. 1975-ல் மற்றொரு விஷயம் அம்பலமாயிற்று. அந்த மக்கள் வசித்த ஊர்ப் பெயர்களின் ஜாபிதாவை இரகசியமாக அச்சடித்து விற்றிருக்கிறார்கள்; பெரிய கம்பெனிகள் அதை விலைகொடுத்து வாங்கி, வேலைக்கு மனுப்போட்டவர்களைச் சலித்திருக்கின்றன! 2016-ஆம் வருஷத்தில்கூட இந்தப் பேதத்தை ஒழிப்பதற்கென்று ஜப்பானியப் பார்லிமெண்டு ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. முகத்திலும் மொழியிலும் மதத்திலும் எவ்வித வித்தியாசமும் இல்லாத மனிதரை, ஊர்ப் பெயரைக் கொண்டு பிரித்தறிய இத்தனை பிரயாசை!

நமது தொழிலோடு சம்பந்தப்பட்ட ஒரு செய்தியும் உண்டு. அந்நியத் தோல் தங்கள் தேசத்துக்குள் வராமல் ஜப்பானியர் வரம்பு கட்டியிருந்தார்கள். அமெரிக்கா அதை ஆக்ஷேபித்து சர்வதேச வர்த்தக உடன்படிக்கை மன்றத்தில் வழக்காடியது. நலிந்த இந்த மக்களின் ஜீவனத்தைக் காக்கவே வரம்பு என்று ஜப்பான் வாதாடியும், 1984-ல் தீர்ப்பு அதற்கு விரோதமாயிற்று. அதன் பிறகும் வேறு உருவத்தில், வரி மூலமாக, அந்தக் காப்பு தொடர்ந்தது. பதமிட்டவனைப் பந்தியில் சேர்க்காத சமூகம், அவன் பதமிட்ட தோலுக்குச் சந்தையில் வேலி போட்டது. ரொட்டி கொடுப்பது சுலபம். பக்கத்தில் உட்காருவதுதான் கடினம் போலும்.

அந்த மக்களின் சந்ததியார் இப்போது முரசைத் தங்கள் கையிலேயே எடுத்திருக்கிறார்கள். ஒஸாகா நகரத்தில் நானிவா என்ற வட்டாரம் தலைமுறை தலைமுறையாகத் தைகோ செய்து கொடுத்த இடம். செய்தவர்கள் அங்கே, அடித்தவர்கள் வேறிடத்தில். 1987-ல் அவ்வட்டாரத்து வாலிபர்கள் ஒரு முரசுக் குழுவை அமைத்து, அதற்கு 'இகரி' என்று பெயரிட்டார்கள். 'கோபம்' என்பது அதன் பொருள். தங்கள் முன்னோர் செய்த முரசைத் தாங்களே ஊரறிய முழக்குகிறார்கள்.

பாலாற்றங்கரையில்

இனி நம் வீட்டுக்குத் திரும்புவோம். போகியன்று விடியற்காலையில் நம் வட பகுதிச் சிறுவர்கள் கையில் சிறு மேளம் இருக்கும். மண் வளையத்தில் தோலை ஒட்டிச் செய்த அந்த மேளத்தைத் தட்டிக்கொண்டு தீயைச் சுற்றி வருவார்கள். இப்போது தோலின் இடத்தைப் பிளாஸ்டிக் பிடித்து வருகிறது. மூன்றாம் நாள் மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் தீட்டி, மாலையிட்டு வணங்குகிறோம். அந்த மாடு இறந்த பின் அதைத் தூக்கிச் சென்றவனை மட்டும் வணங்கியதில்லை. நெடுங்காலம் தெருவுக்குள்ளேயே விட்டதில்லை. மாடு தெய்வம், மேளம் மங்களம், அவற்றின் நடுவே நின்ற மனிதன் தீட்டு! இந்தக் கணக்கு எந்தப் பள்ளிக்கூடத்துப் பலகையில் போட்டாலும் சரிவராது.

நமது முன்னோர்கள் இந்த உண்மையைச் சற்றும் உணராதவர்கள் என்றும் சொல்லிவிட முடியாது. குடியாத்தத்தில் வைகாசி முதல் தேதி நடக்கும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவை நம் பகுதியில் அறியாதார் இல்லை. பரசுராமன் தந்தையின் சொற்படி தாய் ரேணுகையின் சிரத்தைக் கொய்தான். பிறகு அவளை உயிர்ப்பிக்கும்போது, உடன் வெட்டுண்ட தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண்ணின் உடலோடு அச்சிரம் பொருந்திவிட்டது என்பது கதை. இன்றும் அம்மனின் சிரசை வீதிகளில் ஊர்வலமாக எடுத்து வந்து, 'சண்டாளச்சி' என்று வழங்கும் உடலில் பொருத்திய பிறகே ஜனங்கள் கண்குளிரத் தரிசிக்கிறார்கள். தெய்வமே இரண்டு குலங்களும் ஓர் உடலாக நின்று அருள் புரிகிறது. வருஷந்தோறும் கூடித் தரிசித்துவிட்டு, வீடு திரும்பியதும் நாம் தலை வேறு, உடல் வேறு என்று பிரித்துவிடுகிறோம்.

தீட்டு என்பது ஒன்று. அழுக்கு என்பது மற்றொன்று. பாலாற்றில் உண்மையான அழுக்கு சேர்ந்தது. தோல் பதமிடும் ரஸாயனக் கழிவு நிலத்திலும் கிணற்றிலும் இறங்கி, குடிநீரையும் பயிரையும் கெடுத்ததை 1996-ஆம் வருஷம் வேலூர்ப் பிரஜைகள் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு எடுத்துக் காட்டி, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த அழுக்கு யந்திரத்தாலும் பணத்தாலும் மனசாக்ஷியாலும் நீக்கக்கூடியது. அதை நீக்கியே தீர வேண்டும். ஆனால் கண்ணால் காண முடியாத தீட்டைத் தொழிலாளியின் மேனியில் காணும் கண், ஆற்றில் கலந்த விஷத்தைப் பல வருஷங்கள் காணவில்லை. நம் வகுப்பில் தோல் தொழிலாளியின் குழந்தை உட்கார்ந்தால், பக்கத்துக் குழந்தை மூக்கைப் பிடித்துக்கொள்ளும் சம்பவம் இல்லாமற் போகவில்லை. குழந்தை தானாக அதைக் கற்றிருக்குமா? வீட்டில் எவரோ கற்பித்திருக்கிறார்கள்.

ஜப்பானியரும் நாமும் ஒரே மூதாதையின் சந்ததியா என்பதை மொழி நூலார் முடிவு செய்யட்டும். பானையில் உள்ள ஒற்றுமையைக் கண்டு பெருமைப்படுவதற்கு அதுவரை காத்திருக்கலாம். முரசில் உள்ள ஒற்றுமைக்கோ எவருடைய ஆராய்ச்சியும் வேண்டியதில்லை. அது இரு தேசத்துச் சரித்திரத்திலும் பட்டவர்த்தனமாக எழுதியிருக்கிறது. அவர்கள் வழக்காடியும் சட்டம் இயற்றியும், முரசைத் தாங்களே கையில் எடுத்தும் அந்தக் களங்கத்தைத் துடைத்து வருகிறார்கள். நம் கையிலும் சட்டம் இருக்கிறது. எஞ்சியிருப்பது வீடு.

வீட்டில் செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. போகியன்று மேளம் தட்டும் குழந்தைக்கு, அதைச் செய்த கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லலாம். புதுச் செருப்பு வாங்கும்போது அது ஆம்பூரில் எத்தனை பேர் கையைக் கடந்து வந்தது என்று விளக்கலாம். பொங்கல் பொங்கியதும் முதற் கிண்ணத்தைத் தெருக்கோடியில் உள்ள தோழனின் வீட்டுக்குக் குழந்தையின் கையிலேயே கொடுத்து அனுப்பலாம். அங்கிருந்து வரும் கிண்ணத்தைக் குடும்பத்தோடு அமர்ந்து உண்ணலாம். கல்யாணப் பேச்சில் குலம் கோத்திரம் விசாரிக்கும் பெரியவர்களிடம், பிள்ளையின் குணத்தை முதலில் விசாரியுங்கள் என்று வீட்டுப் பெண்மணிகள் துணிந்து சொல்லலாம். இவற்றைச் செய்ய அரசாங்க உத்தரவு வேண்டாம். 'பணிந்து பெற்றுக்கொள்கிறேன்' என்று சொல்லி ஜப்பானியக் குழந்தை சோற்றுக் கிண்ணத்தைக் கையில் எடுக்கிறதே, அந்தப் பணிவு, நமக்கு உணவும் உடையும் செருப்பும் மேளமும் தந்த ஒவ்வொரு கைக்கும் உரியதாகட்டும்.